எரியக் கூடாத விளக்குகள்

"அந்த மெஷின் இருநூத்தி அம்பது பவுண்டு இருக்கும்," என்றார் காஸ் கோரெட்ஸ்கி. "நாலு காலையும் கழட்டிட்டாலும் அதை ரெண்டு பேர் இல்லாம அசைக்க முடியாது."

"அப்போ திருடனுக்கும் இந்நேரம் இடுப்பு ஆபரேஷன் ஆகியிருக்கும்," என்றான் டெஸ். "உங்க ஆஸ்பத்திரியிலயே பக்கத்துப் படுக்கையில தேடியிருக்கலாம்."

காஸ் சிரிக்கவில்லை. துப்பறிவாளர் லூசில் பிராண்டிஸும் சிரிக்கவில்லை. ஆனால் லூசிலின் இடது புருவம் அரை அங்குலம் ஏறி இறங்கியது. இரண்டு வருடமாக அவரிடம் உதவியாளனாக இருக்கும் டெஸ்மண்ட் டாலிவருக்கு அந்த அரை அங்குலமே கைதட்டல். அதற்கு முன் பதினோரு வருடம் அவன் சிகாகோவில் டவுன் பஸ் ஓட்டியவன். அங்கே எவ்வளவு நல்ல ஜோக் அடித்தாலும் பின்னால் இருந்து வருவது, "ஸ்டாப் வந்துடுச்சு, கதவைத் திற" என்பது மட்டும்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணி. அக்டோபர் மழை ஜன்னலில் சாய்வாக வழிந்தது. காஸ் வீட்டுச் சமையலறை மேஜை மேல் கொலாச்கி பிஸ்கட் ஒரு தட்டு நிறைய. நடுவில் ஆப்ரிகாட் ஜாம், மேலே மாவு போல அரைத்த சர்க்கரை. டெஸ் மூன்றாவதை முடித்துவிட்டு நான்காவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துக்கோப்பா, அதுக்குத்தான் வெச்சிருக்கு," என்றார் காஸின் மனைவி பெர்னடின். மழைக் கோட்டு போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டி, வெளியே கிளம்பத் தயாராக நின்றபடியே இடது கையால் எல்லோருக்கும் காபி ஊற்றினார். "எனக்கு சர்ச்சுல வேலை இருக்கு. கேக் விற்பனை. காஸ், நீ இன்னைக்கு எங்கயும் அலையாத. மழை. எதுவா இருந்தாலும் திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

"திங்கட்கிழமை போலீசுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி இவங்க ஒரு தடவை பாக்கட்டும்," என்றார் காஸ்.

பெர்னடின் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு அவசரமாகக் கிளம்பிப் போனார்.

காஸ் சொன்ன கதை இதுதான். வயது அறுபத்தெட்டு. அச்சுக் கருவி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் நிலவறையில், கண்ணாடிக்கடியில் பந்தைத் தட்டி ஆடும் ஒரு பின்பால் மெஷின் வைத்திருந்தார். பெயர் 'ஹார்பர் குவீன்'. 1962-இல் செய்தது, பதினெட்டு வருடமாக அவருடையது. போன மாதம் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தார். பத்து நாள் என்றவர்கள் ஆறாவது நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊன்றுகோலோடு முதல் வேலையாக நிலவறைக்கு இறங்கினால், மெஷின் நின்ற இடம் காலி.

"அப்புறம் போன வாரம் ஆர்வில் பெக்கோட பௌலிங் கூடத்துக்குப் போனேன். முன்னாடி வரிசையில ஒரு ஹார்பர் குவீன் நிக்குது. பந்து ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சுன்னு ஆர்வில் ஆட்டப் பலகையைத் தூக்கினான். அடியில பாத்தேன். ஒவ்வொரு பல்பு ஹோல்டர்லயும் கம்பி மூணு சுத்து சுத்தி, மேல ஈயம் வெச்சிருக்கு. மூணு சுத்து நான் மட்டும்தான் போடுவேன். என் கையெழுத்து மாதிரி அது."

"ஆர்வில்கிட்ட கேட்டீங்களா?" என்றார் லூசில்.

"கேட்டேன். மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு. 'இது உன்னோடது இல்ல காஸ்'னு மட்டும் சொன்னான். யாரோடதுன்னு கேட்டா வாயே திறக்கல. நாப்பது வருஷப் பழக்கம், மேடம். என் கல்யாணத்துல மோதிரத்தை வெச்சுக்கிட்டு நின்னவன்."

"மெஷினோட நம்பர்?"

"எழுதி வெச்ச காகிதம் நிலவறையில வெள்ளம் வந்தப்போ கரைஞ்சு போச்சு."

நிலவறைக்கு இறங்கினார்கள். சுவரோரம் பழைய சாமான்கள், எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி. மெஷின் நின்ற இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. லூசில் குனிந்து தரையை விரலால் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"எலுமிச்சை வாசனை," என்றார். "டெஸ், பூட்டை உடைக்காம வந்து, இருநூத்தி அம்பது பவுண்டைத் தூக்கிட்டுப் போய், திரும்பி வந்து தரையைத் துடைச்சிட்டுப் போற திருடனை நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

"பாத்ததில்ல பாஸ். பாத்தா என் வீட்டு விலாசம் குடுப்பேன்."

காஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆர்வில் சுத்தக்காரன். அவன் கூடத்துல கக்கூஸ்கூட மின்னும்," என்றார்.

அவர் காலுறை போட்டு, ஷூ மாட்டி, டெஸ்ஸின் தோளைப் பிடித்து வண்டியின் பின் சீட்டில் காலை நீட்டி உட்காருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. வழி முழுக்க அவர் ஆர்வில் பெக்கின் குணக்கேடுகளைப் பட்டியல் போட்டார். சூதாட்டத்தில் கள்ளத்தனம் செய்வது, அந்த ஊர்ப் பக்கம் பெரும்பாவமான ஹாட்-டாகில் கெட்ச்சப் ஊற்றித் தின்பது. இரண்டாவதைச் சொல்லும்போதுதான் குரல் நிஜமாகவே நடுங்கியது.

பௌலிங் கூடத்தில் சனிக்கிழமைக் கூட்டம். கட்டைகள் சரிகிற சத்தம் இடைவிடாமல் கேட்டது. ஆர்வில் பெக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஆள் பீரோ மாதிரி இருந்தார். முகம் மட்டும் பள்ளிக்கூடத்தில் திருட்டு மாங்காயோடு பிடிபட்டவன் முகம். காஸைப் பார்த்ததும் அந்த முகம் சிவக்க ஆரம்பித்தது.

"வா காஸ். இடுப்பு எப்படி இருக்கு?"

"என் இடுப்பை விட்டுட்டு என் மெஷினைக் காட்டுடா."

முன் வரிசையில் ஆறு பின்பால் மெஷின்கள் நின்றன. நான்காவது ஹார்பர் குவீன். கண்ணாடியில் நீலக் கடல், துறைமுகம், மாலுமித் தொப்பி போட்ட ஒரு ராணி. லூசில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. தலைப்பெட்டியில் எண்களுக்குப் பின்னால், பந்து ஓடும் பாதைகளில், பந்தை அடிக்கும் துடுப்புகளுக்குப் பக்கத்தில், ஒன்று விடாமல்.

"மிஸ்டர் கோரெட்ஸ்கி, வீட்டுல இதை ஆடுறதுக்கு முன்னாடி முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"விளக்கைப் போடுவேன். அப்புறம் இப்படி ஒரு தட்டு." காஸ் உள்ளங்கையால் மெஷினின் விலாவில் ஓங்கி ஒன்று விட்டார். பழக்கதோஷம். "தட்டினா கொஞ்சம் எரியும். கொஞ்சம் அணையும். அது ஒரு மாதிரி மூடுல இருக்கும்."

"மொத்தத்துல எத்தனை எரியும்?"

"நல்ல நாள்னா... பாதி."

"கெட்ட நாள்ல?"

காஸ் காதைச் சொறிந்துகொண்டார். லூசில் அவருடைய கையையே பிடித்து இன்னொரு முறை மெஷினைத் தட்ட வைத்தார். ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை.

"அப்போ இது உங்க மெஷின் இல்ல," என்றார் லூசில். "இதுல எல்லா விளக்கும் எரியுது."

டெஸ் திரும்பிக்கொண்டு இருமினான். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அந்த மூணு சுத்து? அதுக்கு என்ன சொல்றீங்க?" காஸின் குரல் உயர்ந்தது. "பலகையைத் தூக்குடா ஆர்வில்."

ஆர்வில் கரண்டை அணைத்து, கண்ணாடியை உருவி, ஆட்டப் பலகையை நிமிர்த்தி வைத்தார். அடியில் கம்பிக் காடு. நடுநடுவே சின்னச் சின்னத் தகரக் குழாய்களாக ஹோல்டர்கள். லூசில் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"டெஸ், இங்க பாரு. ஹோல்டர்ங்கிறது ரெண்டு துண்டு. பல்பைப் பிடிக்கிற குழாய் ஒண்ணு, மரத்துல அறையற பட்டை ஒண்ணு. ரெண்டையும் சேத்து நசுக்கி வெச்சிருப்பாங்க. முப்பது வருஷம் போனா அந்த நசுக்கின இடத்துல துரு ஏறிடும். கரண்டு தாண்டாது. ஆட்டினா எரியும், விட்டா அணையும். அந்த மூணு சுத்து எங்க போட்டிருக்கு?"

"பின்பக்கம், கம்பி வந்து சேர்ற முனையில," என்றான் டெஸ்.

"அங்க எந்தக் கோளாறும் வராது. பதினெட்டு வருஷமா தலைவலிக்குக் கால்ல தைலம் தேச்சிருக்கார் மனுஷன்."

"நான் இங்கதான் நிக்கிறேன்," என்றார் காஸ்.

"தெரியும் சார். ஆனா இந்த மெஷின்ல மூணு சுத்தோட இன்னொண்ணும் இருக்கு. குழாய்லேருந்து பட்டைக்கு அரை அங்குலத்துல ஒரு பாலம். ஒவ்வொரு ஹோல்டர்லயும் துருவைச் சுரண்டி, துண்டுக் கம்பி வெச்சு, ரெண்டு சொட்டு ஈயம். அதான் தட்டினாலும் அசையல. இதைச் செஞ்ச ஆளுக்கு உங்க சுத்தும் தெரியும், உங்க தப்பும் தெரியும்."

லூசில் ஒரு துண்டுக் கம்பியையும் பென்சிலையும் எடுத்து டெஸ்ஸிடம் நீட்டினார். "சுத்து."

டெஸ் சுற்றினான். கடிகார முள் போகிற திசையில் மூன்று சுற்று. அதே போல காஸையும் சுற்றச் சொன்னார். அவரும் அதே திசையில்தான் சுற்றினார். லூசில் பென்சிலை ஹோல்டருக்குப் பக்கத்தில் பிடித்தார். ஹோல்டரில் இருந்த சுற்று எதிர்ப்பக்கமாக ஓடியது.

"இடது கைக்காரங்க சுத்தற சுத்து. இது கோர்ட்டுல நிக்காது," என்றார் லூசில். "என் மனசுல நிக்குது. மிஸ்டர் பெக், இங்க ரிப்பேர் பண்றது யாரு?"

"ஒரு ஆள் வருவாரு." ஆர்வில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பாப். பாப்னு பேரு."

"நல்ல வேலைக்காரர்."

"தங்கமான கை மேடம். ஒன்பது வருஷத்துல பதினாலு மெஷினையும் அவதான்..." ஆர்வில் நிறுத்தினார். "அவன்தான் தூக்கி நிறுத்தினான்."

"பாப்," என்றான் டெஸ்.

"பாப்," என்றார் ஆர்வில், தரையைப் பார்த்து.

டெஸ் மெஷினின் உள்விளிம்பைக் கவனித்தான். கருவிகளை வைத்து வேலை செய்த இடத்தில், மரத்தின் மேல் வெள்ளையாக ஒரு தடம். தூசி இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"டெஸ், தடயத்தைத் தின்னாதே."

"சர்க்கரை பாஸ். மாவு மாதிரி அரைச்சது. ஆப்ரிகாட்டும் லேசா." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னைக்குக் காலையில நான் இதுல நாலு சாப்பிட்டேன்."

லூசிலின் புருவம் இந்த முறை முழு அங்குலம் ஏறியது. காஸ் இன்னும் பென்சிலில் சுற்றிய கம்பியையே வெறித்துக்கொண்டிருந்தார். அது அவர் காதில் விழவில்லை.

"மிஸ்டர் கோரெட்ஸ்கி, நீங்க இங்க உக்காந்து ஒரு காபி குடிங்க. மிஸ்டர் பெக், உங்க பின்னறையைப் பாக்கணும்."

ஆர்வில் வழியை மறித்து நின்றார். பீரோவை நகர்த்த முடியாது என்று டெஸ் நினைத்தான். லூசில் அவரை அண்ணாந்து பார்த்து மெதுவாகச் சொன்னார். "திங்கட்கிழமை உங்களைத் திருடன்னு எழுதிக் குடுக்கப் போறார். போலீஸ் வந்தா உங்க மது லைசென்ஸ் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். வாக்குக் குடுத்துட்டீங்க, சரி. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். தள்ளி நின்னா போதும்."

ஆர்வில் ஒரு பெருமூச்சு விட்டுத் தள்ளி நின்றார்.

ஓடுபாதைகளுக்குப் பின்னால், கட்டைகளை நிறுத்தும் இயந்திரங்கள் உறுமுகிற நடையைத் தாண்டி ஒரு சிறிய அறை. கதவைத் திறந்ததும் ஈயப் புகை வாசனை. நடுவில் தலைப்பெட்டி திறந்த நிலையில் இன்னொரு ஹார்பர் குவீன். அதன் முன்னால் மழைக் கோட்டோடு பெர்னடின். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. இடது கையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன். பக்கத்தில் பிஸ்கட் டப்பா.

"கேக் எல்லாம் வித்துப் போச்சா மேடம்?" என்று டெஸ் கேட்டான்.

பெர்னடின் பயப்படவில்லை. களைத்துப் போனவர் போல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம் குடுத்திருந்தா முடிச்சிருப்பேன். சாயங்காலம் ஆர்வில் வேன்ல ஏத்தி வீட்டுல வெச்சுடறதா இருந்தோம். காஸ் பத்து நாள் கழிச்சு வருவான்னு நெனச்சேன். எல்லா விளக்கையும் எரிய வெச்சு, கீழ கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு. ஆறாம் நாளே வந்து நின்னுட்டான். வந்ததுமே 'திருட்டு, திருட்டு'ன்னு கத்தினான். அடுத்த வாரம் ஆர்வில் பேரைச் சொல்ல ஆரம்பிச்சுட்டான். அதுக்கப்புறம் என் வாய்லேருந்து எப்படி வரும்?"

"அவர்கிட்ட கேட்டுட்டே செஞ்சிருக்கலாமே?" என்றார் லூசில்.

"கேட்டேன். முதல் வருஷமே கேட்டேன். 'நீ அயர்னைத் தொட்டா வீடு எரிஞ்சு போகும் பெர்னி'ன்னு சிரிச்சான். கெட்ட எண்ணம் இல்ல. ஆனா அன்னைக்கு முழுக்க சிரிச்சான். அவன் பக்கத்துல நின்னு பாத்துப் பாத்துதான் கத்துக்கிட்டேன். எங்க தப்புப் பண்றான்னும் பாத்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஆர்வில் இங்க ஒரு மெஷினைக் குப்பையில போடப் போறேன்னான். ஒரு தடவை விட்டுப் பாரேன்னேன். அப்புறம் புதன், சனி ரெண்டு நாளும்..." பெர்னடின் அயர்னைத் தாங்கியில் வைத்தார். "சர்ச்சுக்குப் போறேன்னு பொய் சொன்னதுக்குப் பாவமன்னிப்பும் கேட்டுட்டேன். பாதிரியாருக்குக்கூடத் தெரியும்."

"அப்போ தெரியாதது ஒருத்தருக்குத்தான்," என்றான் டெஸ்.

"ஆர்வில் சாகற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார்," என்றார் லூசில். "இது நான் எழுதிக் குடுக்க வேண்டிய கேஸ். ஆனா நான் சொல்றதைவிட நீங்க சொல்றது நல்லாருக்கும்."

பெர்னடின் எழுந்து, கைகளைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, நடையின் கடைசி வரை போய்க் கதவைத் திறந்தார்.

"காஸ். இங்க வா."

அந்தக் குரலை அந்த இடத்தில் கேட்டதும் காபிக் கோப்பை ஒன்று தட்டில் விழுகிற சத்தம் வந்தது. ஊன்றுகோல் சத்தம் மெதுவாக நெருங்கியது. காஸ் வாசலில் நின்று மனைவியைப் பார்த்தார், அயர்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். டெஸ்ஸின் நாக்கு நுனியில் இரண்டு ஜோக் தயாராக இருந்தது. இரண்டையும் விழுங்கினான்.

பெர்னடின் சுவிட்சைப் போட்டார்.

ஹார்பர் குவீன் மொத்தமாக எரிந்தது. கடல் நீலமாக, ராணியின் தொப்பி வெள்ளையாக.

"இது என்னோடது இல்ல," என்றார் காஸ். "என்னோடதுல இவ்வளவு வெளிச்சம் வராது."

"உன்னோடதுதான். இந்தப் பக்கம் நீ சிகரெட்டால சுட்ட தடம் பாரு," என்றார் பெர்னடின். "நான்தான் எடுத்தேன். ஆர்வில் தூக்க மட்டும்தான் வந்தான். முன்னாடி நிக்கறது அவன் புதுசா வாங்கினது. அதையும் நான்தான் செஞ்சேன். எல்லாத்தையும் நான்தான் செஞ்சேன் காஸ்."

வெளியே யாரோ பத்துக் கட்டைகளையும் ஒரே பந்தில் வீழ்த்தினார்கள். ஆர்வில் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காஸ் திரும்பி அவரைப் பார்த்தார்.

"திருடன்னு சொன்னேனே. அப்பவும் நீ சொல்லல."

"அவ சொல்லக் கூடாதுன்னா," என்றார் ஆர்வில்.

காஸ் தலையை ஆட்டினார். அதில் மன்னிப்பு இருந்ததா, கோபம் இருந்ததா என்று டெஸ்ஸுக்குப் பிடிபடவில்லை. கிழவர் மெஷினுக்கு அருகே போனார். தட்டுவதற்குக் கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியிலேயே நின்று, கண்ணாடியின் ஒரு மூலைக்குப் போனது. அங்கே படத்தில் கடலோரம் ஒரு கலங்கரை விளக்கம். அதன் உச்சியில் மஞ்சளாக ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"இது எரிஞ்சதே இல்ல," என்றார். "வாங்கின நாள்லேருந்து. ஏழு தடவை ஹோல்டர் மாத்தினேன்."

"ஏழும் நல்ல ஹோல்டர்," என்றார் பெர்னடின். "கோளாறு அதுல இல்ல. அதுக்கு வர்ற கம்பி மரத்துக்குப் பின்னால ஒரு ஆணியில மாட்டி உள்ளயே அறுந்திருந்தது. மேல துணி உறை முழுசா இருந்ததால வெளியில தெரியல."

"அப்புறம் நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

பெர்னடின் நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். இந்தப் பதினெட்டு வருடத்தில் மெஷினைப் பற்றி காஸ் தன்னிடம் கேட்கிற முதல் கேள்வி அது என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆர்வில் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, குனிய முடியாத இடுப்புக்காக அதன் மேல் இரண்டு டெலிபோன் டைரக்டரியைப் போட்டார். காஸ் முனகிக்கொண்டே அதில் ஏறி உட்கார்ந்தார். சட்டைப் பையில் தடவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"காட்டு," என்றார்.